வாரம் இரண்டு மூட்டை கால்சியம் குளோரைடு

நீச்சல் குளத்துத் தண்ணீர் நீலம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீலம் தண்ணீரில் இல்லை, அடியில் பதித்த டைல்ஸில் இருக்கிறது. வாளியில் மொண்டு பார்த்தால் குழாய்த் தண்ணீர் மாதிரியேதான் இருக்கும். பதினொரு வருடம் குளத்தோரம் நின்றவன் சொல்கிறேன், தண்ணீரை வெறுமனே பார்த்து எதையும் கண்டுபிடித்துவிட முடியாது. உங்கள் ஆய்வக ஊழியர் வந்து நாலு பாட்டிலில் பிடித்தபோது அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். அப்புறம் குழாயடிக்கு ஓடி ஐந்து நிமிடம் வாய் கொப்பளித்தார். நான்தான் அவருக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

பெயர், வயது, முகவரி எல்லாம் மேலே நீங்களே எழுதிவிட்டீர்கள், மேடம். மீதியை வாக்குமூலமாக என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்வதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. நகராட்சிக் குளத்தின் உயிர்காப்பாளர் நான், நீச்சல் பயிற்சியாளரும் நானே. ஆனால் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் எனக்கு மூச்சு முட்டும். வீட்டில் ஷவரைத் திறந்தால்கூட ஒரு மாதிரியாகிவிடும், வாளியில் மொண்டுதான் குளிப்பேன். இது என் மனைவிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நான் எல்லாவற்றையும் செய்தேன். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

இந்தப் பொய்யை ஆரம்பித்தது நான் இல்லை, என் சித்தப்பா. கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. என் படிப்பைச் சொல்லியாயிற்று, குணத்தைச் சொல்லியாயிற்று, இரண்டுமே சீக்கிரம் தீர்ந்துவிட்டன. மாமனார், "தம்பிக்கு வேற என்ன தெரியும்?" என்று கேட்டார். சித்தப்பாவுக்குச் சும்மா இருந்தால் வாய் அரிக்கும்.

"நீச்சல்ல சூரன். தண்ணியில விட்டா கரைக்கு வரவே மாட்டான்" என்றார்.

அது ஒருவகையில் உண்மைதான். எதிரே உட்கார்ந்திருந்த பெண் தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. சின்ன வயதில் ஒரு தடவை முங்கிப் போய்ப் பிழைத்தவள், அன்றிலிருந்து அவளுக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். என்னை அதற்கு முன்னால் யாரும் அப்படிப் பார்த்ததில்லை, மேடம். "சித்தப்பா சும்மா கதை விடுகிறார்" என்று சொல்ல எனக்கு மூன்று நொடி அவகாசம் இருந்தது. நான் தேநீரைக் குடித்தேன்.

மாமனார் அப்போது நகராட்சியில் பெரிய கை. மருமகனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தவர், கல்யாணமான ஆறாவது மாதம் இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தார். தேர்வில் எப்படியும் கழித்துவிடுவார்கள் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். ஆனால் தேர்வு வைத்த வாரம் குளத்தில் டைல்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார்கள், தண்ணீரே இல்லை. அதனால் வாய்மொழியாகக் கேட்டார்கள். "ஒருத்தர் தத்தளிக்கிறார், முதலில் என்ன செய்வீர்கள்?" என்றார்கள். "பதற்றப்பட மாட்டேன்" என்றேன். எழுபது பேரில் எனக்குத்தான் முதலிடம்.

முதல் ஏழு வருடம் நீளமான கொக்கிக் கம்பை வைத்துச் சமாளித்தேன். விசில், தொப்பி, இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டை, கையில் கம்பு. யாராவது கை காலை உதறினால் கம்பை நீட்டுவேன், பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பயிற்சியும் கரையில் நின்றபடியேதான். பெரிய பயிற்சியாளர்கள் யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை என்று கண்காணிப்பாளரிடம் ஒரு தடவை சொன்னேன், அவர் தலையாட்டிவிட்டார். இந்தக் குளத்துக்கு அவர்தான் அதிகாரி. நல்ல மனிதர். எதைக் கண்டாலும் பயப்படுவார், அதனால் எதையும் உற்றுப் பார்க்க மாட்டார்.

ஏழாவது வருடம் ஒரு விபரீதம் நடக்கப் பார்த்தது. ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர் ஒருவர் தினமும் காலையில் வருவார். கனத்த சரீரம், தண்ணீரில் இறங்கினால் இரும்புப் பெட்டி மாதிரி நேராகக் கீழே போவார். அன்று அவர் ஆழமான பக்கம் வழுக்கிவிட்டார். கம்பு எதிர்க்கரையில் சாய்த்து வைத்திருந்தது. நான் அதை எடுக்க ஓடினேன். அதாவது, அவரைவிட்டு எதிர்ப்பக்கமாக ஓடினேன். நல்லவேளை, பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த ஒரு செவிலியர் அவரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்னொரு தடவை நடந்தால் விஷயம் என் மனைவி காதுக்குப் போய்விடும். எனக்கு அதுதான் கவலை. மேனேஜரைப் பற்றியும் கவலைப்பட்டேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சரியாக அந்த மாதம்தான் கண்காணிப்பாளர் ஒரு அறிக்கையோடு வந்தார். நம் குளத்துத் தண்ணீர் ரொம்ப மென்மையாம். தண்ணீரில் போதுமான சுண்ணாம்புச் சத்து இல்லையென்றால், அது டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமெண்டை அரித்து அந்தச் சத்தை எடுத்துக்கொள்ளுமாம்.

"தண்ணி பசியா இருக்கு மாஸ்டர், நம்ம குளத்தையே தின்னுது" என்றார். "கால்சியம் குளோரைடு வாங்கிப் போடணுமாம். கடினத்தன்மை இருநூத்தம்பதுக்கு வரணும். நீங்களே பார்த்துக்கங்க, எனக்கு இதெல்லாம் ஒத்துவராது."

ரசாயனக் கடையில் சோதனைப் பெட்டி ஒன்றும் கொடுத்தார்கள். குட்டிக் குப்பியில் குளத்துத் தண்ணீரை எடுத்து ஒரு மருந்தைக் கலந்தால் சிவப்பாகும். அப்புறம் இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும், நீலமாக மாறும்வரை. நான் விட்டேன், ஒன்பதாவது சொட்டிலேயே நீலமாகிவிட்டது. வேண்டியது இருநூற்றைம்பது. ஆக இன்னும் இருநூற்று நாற்பத்தொன்று பாக்கி. ஒரு சொட்டு என்றால் பத்து என்று பெட்டியின் அடியில் எறும்பு சைஸில் அச்சடித்திருந்ததை நான் பார்க்கவில்லை.

அரை மூட்டை போட்டிருந்தால் போதும். நான் ஆறு மூட்டை போட்டேன். சும்மா கொட்டிவிடவில்லை, முறைப்படி செய்தேன். வாளியில் முதலில் தண்ணீர், அதில் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைச் செதில்களைப் போட்டுக் கலக்க வேண்டும். கரையக் கரைய வாளி சுடும், கை வைக்க முடியாது. ஆற வைத்துக் குளத்தைச் சுற்றி நடந்தபடி ஊற்ற வேண்டும். ஊற்றி, சோதித்து, எண்ணி, மறுபடி ஊற்றி, மூன்று நாள் ஆயிற்று. கடைசியில் இருநூற்றைம்பதாவது சொட்டில் நீலம் வந்தபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வேலையில் நான் ஒழுங்காகச் செய்து முடித்த முதல் காரியம் அது.

நாலாம் நாள் மேனேஜர் இறங்கினார். மல்லாந்து படுத்தார். மிதந்தார். இரண்டு நிமிடம் மிதந்துவிட்டு, "மாஸ்டர், எனக்கு வந்துடுச்சு!" என்று கூவினார். அன்று அவர் வெறும் வயிற்றோடு வந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது, ஒருவேளை அதனாலும் இருக்கலாம். ஆனால் எனக்குள் ஒரு பொறி தட்டிவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பள்ளிக்கூடத்து அறிவியல் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். தண்ணீரில் உப்பு ஏற ஏறத் தண்ணீர் கனக்கும், தண்ணீர் கனத்தால் மனிதன் மிதப்பான். கால்சியம் குளோரைடும் ஒருவகை உப்புதான். எவ்வளவு சாதாரண விஷயம் பாருங்கள்.

நீங்களே நியாயமாக யோசியுங்கள். உயிர்காப்பாளரின் வேலை என்ன? யாரும் மூழ்கக் கூடாது. மூழ்குகிறவரைக் குதித்துக் காப்பாற்றுவது ஒரு வழி. மூழ்கவே முடியாதபடி செய்துவிடுவது இன்னொரு வழி. இரண்டாவதுதான் நாகரிகமான வழி என்று எனக்குப் பட்டது. யாருக்கும் தலைமுடி போகாது.

வாரம் இரண்டு மூட்டை என்று ஒரு வேண்டுகோள் எழுதிக் கண்காணிப்பாளரிடம் நீட்டினேன். கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நகராட்சியில் ஒரு பொருளை வாங்க ஆரம்பிப்பதுதான் கஷ்டம், நிறுத்துவது அதைவிடக் கஷ்டம். நாலு வருடம் வாரம் தவறாமல் மூட்டை வந்து இறங்கியது. கடைக்காரர் மட்டும் இடையில் ஒரு தடவை கேட்டார்.

"என்ன சார், குளத்துக்குத்தான் போடுறீங்களா? இதுக்கு மேல போட்டா ஜனங்க தண்ணி மேல நடந்துதான் போகணும்."

"பெரிய குளம்" என்றேன். குளம் அறுபதாயிரம் லிட்டர்தான். அதில் நான் கரைத்தது பத்து டன்.

பலன் கண்கூடாகத் தெரிந்தது. இரண்டாவது வருடத்திலேயே குளத்தில் யாராலும் நேராக நிற்க முடியவில்லை, காலைக் கீழே ஊன்றினால் தானாக மேலே எழும்பிவிடும். தண்ணீர் பயம் உள்ளவர்கள், நெஞ்சு படபடக்கிறவர்கள், கட்டிலிலிருந்து இறங்கவே யோசிக்கிறவர்கள் எல்லாம் பலகை போல மிதந்தார்கள். என் பாடம் ஒரே வரிதான். "தண்ணீரை நம்புங்கள், மல்லாந்து படுங்கள், அது தாங்கிக்கொள்ளும்." மூன்றே நாளில் நீச்சல் என்று ஊரே பேசியது. வாசலில் வரிசை நின்றது. கண்காணிப்பாளருக்கு விருது கொடுத்தார்கள், அவர் பயந்துகொண்டே போய் வாங்கி வந்தார்.

சில சில்லறைத் தொந்தரவுகள் இல்லாமல் இல்லை. இந்த உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும், அதனால் என் மாணவர்களின் நீச்சல் உடை ஒருநாளும் காயாது. ஒரு வாரம் வெயிலில் போட்டாலும் பிசுபிசுவென்றே இருக்கும். இரும்பு ஏணி துருப்பிடித்து உதிர்ந்தது, மர ஏணி போட்டேன். பம்பு மூன்று தடவை போனது. டைல்ஸ் மேல் வெள்ளையாகப் படிந்தது, அது தூய்மையின் அடையாளம் என்று ஒரு பலகை எழுதி வைத்தேன். வாயில் தண்ணீர் போனால் குமட்டும் என்பதால், உதட்டை இறுக மூடி நீந்துவதுதான் சரியான முறை என்று பாடத்தில் சேர்த்துக்கொண்டேன். கண் எரிச்சலுக்குக் கண்ணாடி. மனிதர்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள், மேடம். தனக்கு நீச்சல் வந்துவிட்டது என்று நம்புகிறவர் எதையுமே பொருட்படுத்த மாட்டார்.

நீங்கள் என்னிடம் கேட்டீர்கள், நானாவது ஒரு தடவை இறங்கிப் பார்த்திருக்கலாமே என்று. அந்தத் தண்ணீரில் கல்லைப் போட்டாலும் யோசித்துத்தான் முங்கும், அது எனக்குத் தெரியும். ஆனால் பணி நேரத்தில் ஊழியர் குளிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நான் விதியை மீறுகிறவன் இல்லை.

மூட்டை போட ஆரம்பித்த மூன்றாவது வருடம் என் மனைவி கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் கத்துக்கொடுக்கறீங்க. எனக்கும் சொல்லித்தாங்களேன். ரொம்ப பயமா இருக்கு, ஆனா நீங்க பக்கத்துல இருந்தா இறங்கிடுவேன்."

மறுநாளே குளத்துக்குக் கூட்டிப்போனேன். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். பல் கிட்டித்தது. "படு" என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்தாள். தண்ணீர் அவளைத் தாங்கியது. சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்து வந்தது. அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள், பக்கத்து வீட்டில் சொன்னாள், பல் டாக்டரிடம்கூடச் சொன்னாள். ஆறாவது நாள் அவளுக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். "எந்த நீர்நிலையிலும் பாதுகாப்பாக நீந்தத் தகுதியானவர்" என்று அச்சடித்த வாசகத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். அப்படி மொத்தம் முன்னூற்று நாற்பது சான்றிதழ்.

அந்த வாசகம் பொய் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். முதல் சான்றிதழிலிருந்தே தெரியும். ஆனால் அது அச்சகத்தில் அடித்துக் கொடுத்த வாசகம், நான் எழுதியதில்லை. முன்னூற்று நாற்பது பேரில் பலர் விடுமுறைக்குக் கடலுக்கும் ஆற்றுக்கும் போயிருப்பார்கள்தான். இதுவரை அவர்களில் ஒருவரும் வந்து குறை சொன்னதில்லை. சிலர் திரும்பி வரவே இல்லை, வீடு மாற்றிக்கொண்டு போயிருக்கலாம்.

இப்போது ஏரி விஷயத்துக்கு வருகிறேன். அது என் யோசனை இல்லை, கண்காணிப்பாளருடையது. விருது வாங்கினவர் சும்மா இருப்பாரா? சான்றிதழ் வாங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்து ஊருக்கு வெளியே இருக்கிற ஏரியை நீந்திக் கடப்பது என்று அறிவித்துவிட்டார். முப்பத்தொரு பேர் பெயர் கொடுத்தார்கள். முதல் பெயர் மேனேஜர். இரண்டாவது என் மனைவி.

நான் தடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. "எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் போட்டுடலாம் சார்" என்றேன்.

"உங்க ஸ்டூடன்ட்ஸுக்கா மாஸ்டர்? நாலு பேர் பார்த்தா சிரிப்பாங்க" என்றார்.

அதற்கு மேல் வற்புறுத்தினால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். விட்டுவிட்டேன்.

ஆனாலும் என் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். முந்தின நாள் மத்தியானம் கையிருப்பிலிருந்த நாலு மூட்டையை ஸ்கூட்டரில் ஒவ்வொன்றாக ஏரிக்குக் கொண்டுபோனேன். நாலு நடை. படித்துறைப் பக்கமாகக் கொட்டினேன். ஏரி எத்தனை பெரிது என்று எனக்குத் தெரியாமல் இல்லை, அந்த ஏரிக்கு எத்தனை லட்சம் மூட்டை வேண்டும் என்று அதற்கு முந்தின வாரமே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். ஆனால் இருக்கிறதைத்தானே செய்ய முடியும். படகோட்டி ஒருவர் பார்த்துவிட்டு, "என்ன சார், மீனுக்குத் தீனியா?" என்றார். ஆமாம் என்றேன். மறுநாள் காலையில் போனபோது ஏழெட்டு மீன் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது. கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அந்த நாலு மூட்டையைத்தான் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். "அப்படியானால் அவர்கள் மூழ்குவார்கள் என்று உங்களுக்கு முன்பே தெரியும்" என்றீர்கள். தெரியும், மேடம். நான் எப்போது மறுத்தேன்?

முந்தின நாள் சாயங்காலம் என் மனைவி துணி மடித்து வைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, நிஜமா சொல்லுங்க. நான் நல்லா நீந்துறேனா? இல்ல எனக்காகச் சொல்றீங்களா?"

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அவள் கோபப்பட்டிருப்பாள், அழுதிருப்பாள், ஆனால் வீட்டிலேயே இருந்திருப்பாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்குப் பிஸ்கட் விழுந்தது தெரியாமல் என்னைப் பார்த்தாளே, அதே பார்வை. பதினொரு வருடத்தில் கொஞ்சம்கூட மங்கவில்லை. "உன்னை மாதிரி நீந்துறவங்களை நான் பார்த்ததே இல்ல" என்றேன். அவள் சந்தோஷமாகத் தூங்கினாள். நானும் தூங்கினேன்.

காலை பத்து மணிக்குக் கண்காணிப்பாளர் கொடியை அசைத்தார். நான் படித்துறையின் கடைசிக் காய்ந்த படியில் விசிலும் கம்புமாக நின்றிருந்தேன். முப்பத்தொரு பேரும் ஒரே நேரத்தில் குதித்தார்கள். குதித்ததும் ஒருவர் பாக்கியில்லாமல் நான் சொல்லிக் கொடுத்தபடியே, உதட்டை இறுக மூடி, கையை விரித்து, மல்லாந்து படுத்தார்கள். இவ்வளவு ஒழுக்கமான மாணவர்கள் வேறு யாருக்கும் கிடைத்திருக்க மாட்டார்கள். அப்படியே உள்ளே போனார்கள்.

நான் விதிப்படி மூன்று தடவை விசில் ஊதினேன்.

படகோட்டிதான் முதலில் இறங்கினார். கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நடந்தே போனார். நன்றாகக் கவனியுங்கள், நடந்து போனார். அந்தப் பக்கம் தண்ணீர் மார்பளவுதான். முப்பத்தொரு பேரும் மார்பளவு தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் காலை ஊன்றி நிற்கலாம் என்றே தெரியாது. என் குளத்தில் யாரும் நின்றதில்லையே. படகோட்டி ஒவ்வொருவராகக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். "நில்லுங்கய்யா! நிக்கக்கூடவா தெரியாது உங்களுக்கு!" என்று அவர் கத்தியது எதிர்க்கரை வரைக்கும் கேட்டிருக்கும். மேனேஜரை நிறுத்த மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அவருடைய பல் செட் ஏரியோடு போனது. நிறைய பேர் வயிறு முட்டத் தண்ணீர் குடித்திருந்தார்கள், ஆனால் எல்லோரும் பிழைத்துவிட்டார்கள் என்பதை நீங்கள் உங்கள் குறிப்பில் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

என் மனைவி கடைசியாகத்தான் வெளியே வந்தாள். எல்லோரையும்விட அவள்தான் எனக்குப் பக்கத்தில் இருந்தாள், அதனால் அவளை நான் பார்த்துக்கொள்வேன் என்று படகோட்டி நினைத்துவிட்டாராம். இரண்டு தடவை அவள் முகம் மேலே வந்தது. இரண்டு தடவையும் "என்னங்க" என்றாள். கத்தவில்லை. சமையலறையிலிருந்து கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டாள், நான் வந்துவிடுவேன் என்ற நம்பிக்கையோடு. நான் கம்பை நீட்டினேன். ஒரு முழம் எட்டவில்லை. ஒரு படி கீழே இறங்கியிருந்தால் எட்டியிருக்கும். அந்தப் படியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் இருந்தது.

நான் கம்பை இன்னும் நன்றாக நீட்டிப் பார்த்தேன்.

அப்புறம் படகோட்டி ஓடி வந்து அவளைத் தூக்கினார். கரையில் போர்வையைப் போர்த்தி உட்கார வைத்தார்கள். இருமி முடித்துவிட்டு என் காலைப் பார்த்தாள். ஷூ, சாக்ஸ், இஸ்திரி போட்ட கால்சட்டை. ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெகு நேரம் அதையே பார்த்தாள், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது அவள் அப்பா வீட்டில் இருக்கிறாள். போன் செய்தால் மாமனார்தான் எடுக்கிறார், எடுத்து மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறார், பிறகு வைத்துவிடுகிறார்.

"ஏன் அந்த ஒரு படி இறங்கவில்லை?" என்று கடைசிக் கேள்வியாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். முதலில் படியில் பாசி இருந்தது என்று எழுதினேன், அடித்துவிட்டேன். காப்பாற்றப் போகிறவர் முதலில் தன் பாதுகாப்பை உறுதி செய்ய வேண்டும் என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது என்று எழுதினேன், அதையும் அடித்துவிட்டேன். நீங்கள் பொறுமையாக எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களிடம் எதற்கு மழுப்ப வேண்டும். பயம், மேடம். கணுக்கால் அளவுத் தண்ணீரைப் பார்த்துப் பயந்தேன். அவள் உயிர் போகிறது என்று ஒரு பக்கம் தெரிந்தது, இன்னொரு பக்கம் என் கால் நனையும் என்று தெரிந்தது. அந்த நேரத்தில் இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இதுதான் உண்மை, இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதன் நகல் புகார் கொடுத்தவர்களுக்கும் போகும் என்றீர்கள், முதல் புகார் என் மனைவியுடையது என்பதும் தெரியும். அவளுக்குப் போகிற நகலில் மட்டும் மேலே உள்ள பத்தியை எடுத்துவிட்டு, அன்று எனக்குக் காலில் சுளுக்கு என்று போட்டுவிடுங்கள். என் மேல் அவள் வைத்திருக்கும் மதிப்பு இதனால் கெட்டுவிடக் கூடாது.